இரவல் கொடி

தொலைக்காட்சிப் பெட்டியைப் படுக்கை விரிப்பின் நடுவில் வைத்து, விரிப்பின் தலைப்புகளை ஆளுக்கொரு பக்கமாகச் சுருட்டிப் பிடித்தபடி சிவமலரும் கலாவதியும் படியேறிக்கொண்டிருந்தார்கள். கலாவதியின் வீடு முதல் மாடியில். சிவமலரின் ஒற்றை அறை கூரைக்குக் கீழே. வேறு நாட்களில் பேச்சுச் சுவாரசியத்தில் கவனிக்காமலே ஏறிவிடுகிற படிகள்தான். இன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் துவைத்தாலே கதவில் கடதாசி ஒட்டிவிட்டுப் போகிற கட்டடம் அது. பட்டப்பகலில் இரண்டு தமிழ்ப் பெண்கள் எதையோ துணியால் மூடித் தூக்கிக்கொண்டு போவதை யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று சிவமலருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு, கள்ளர்கள் சாமானைக் கீழேதான் கொண்டு போவார்கள், மேலே ஏற்றமாட்டார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"மலர், மூலையைப் பாத்துத் தூக்கும். இது உடைஞ்சுதெண்டால் இவர் என்னை உடைச்சுப்போடுவார்."

இவர் என்றது கலாவதியின் கணவர் வரதராசாவை. டாவோஸில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவுகிறார். பனிக்காலம் முழுவதும் அங்கேயே தங்கி, இரண்டு கிழமைக்கொரு தடவை ரயிலேறி இந்தக் கூர் நகரத்துக்கு வருவார். தான் ஆசையாக வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி தானில்லாத நேரத்தில் மாடியேறிப் போவது அவருக்குத் தெரியாது. பெட்டி மட்டுமா? அதற்குப் பின்னால் ஏறப்போகிற இன்னொரு சாமானைப் பற்றியும் தெரியாது.

பின்னேரம் கடன் அறவிடும் அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி வருகிறார். சிவமலரின் கணவன் சச்சிதானந்தன் சிறையில் இருக்கிறான். அவன் நீதிமன்றத்துக்குக் கட்டவேண்டிய கடனுக்காகத்தான் இந்த வருகை.

சச்சி கொலை செய்யவில்லை, களவெடுக்கவில்லை, தூள் கடத்தவில்லை. கலாவதியின் தம்பி தவச்செல்வன் இத்தாலிக்கு வந்து, இந்தப் பக்கம் வர வழியில்லாமல் ஒரு ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்தான். கலாவதி சோறு தண்ணியில்லாமல் அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சச்சி ஒருவரிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனான். எல்லையைத் தாண்டிய பிறகுதான் பிடிபட்டார்கள். தவச்செல்வன் அகதி மனுக் கொடுத்து இப்போது வின்டர்தூரில் இருக்கிறான். சச்சி உள்ளே போனான். ஒரு சதமும் வாங்கவில்லை என்று அவன் சொன்னதை நீதிபதி நம்பவில்லை. சொந்தமும் இல்லாத ஒருவனுக்காக யாராவது சும்மா இப்படிச் செய்வார்களா என்று கேட்டாராம்.

தண்டனையோடு முடிந்தது என்றுதான் சிவமலர் நினைத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் கடிதங்கள் வரத் தொடங்கின. வழக்கு நடத்திய செலவு. சூரிச்சிலிருந்து வந்து மொழிபெயர்த்தவருக்குக் கூலி. அவர் வந்த ரயில் காசு. விசாரணைக்கு முன்பு பூட்டி வைத்திருந்தபோது போட்ட சாப்பாட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. "பூட்டினவன் சாப்பாடு போடத்தானே வேணும், அதுக்கும் காசோ?" என்று சச்சியே சிறையில் பார்க்கப் போனபோது கேட்டான். சிறைப் பண்ணையில் மாடு பார்ப்பதற்குக் கிடைக்கிற சில்லறையில் அவன் பல் தேய்க்கிற பசை வாங்கலாம், சிகரட் வாங்கலாம், வழக்குச் செலவு கட்டமுடியாது. கட்டாதபடியால் கடன் கந்தோர் தலையிட்டது. கந்தோர் ஒவ்வொரு கடிதம் அனுப்பும்போதும் அந்தக் கடிதத்தை அனுப்பின கூலியையும் சேர்த்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று கலாவதி தலையில் கை வைத்தாள். உள்ளே இருப்பவன் தனக்குப் பதிலாக வெளியில் ஒருவரைக் காட்டவேண்டும் என்று சட்டம். சச்சி சிவமலரின் பெயரைக் கொடுத்திருந்தான்.

கடைசியாக வந்த கடிதத்தைக் கலாவதிதான் வாசித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து செய்து அவளுக்கு ஜெர்மன் பாஷை ஓரளவு வசப்பட்டிருந்தது. வாசித்ததில் ஒரு சொல்லும் பிழையில்லை. வீட்டில் என்னென்ன உடைமைகள் இருக்கின்றன என்று பார்க்க அதிகாரி நேரில் வருவார், வீட்டில் ஆள் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

"சொத்துப் பாக்க வருவினமாம்," என்றாள் கலாவதி.

"பிணைக்கோ?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு எதற்கு ஒருவன் வீடு தேடி வந்து சொத்துப் பார்ப்பான்?

சிவமலருக்கு அது நேரில் கண்ட விஷயம். அவளுடைய மாமா ஒரு அடிபிடி வழக்கில் மாட்டி, ஊரில், மல்லாகம் நீதிமன்றத்தில் பிணைக்கு ஆள் தேவைப்பட்டபோது அப்பாதான் முன்னுக்குப் போனார். பிணை நிற்கிறவனுக்கு வக்கு இருக்கிறதா என்று பார்க்க, கிராமத்து அதிகாரியான விதானையார் வீட்டுக்கு வந்தார். அன்று காலையிலேயே அம்மா அயல் வீட்டுக் காப்புகளைக் கையில் போட்டுக்கொண்டாள். பின்வீட்டுப் பசு கன்றோடு வந்து இவர்களுடைய மாட்டுக்கொட்டிலில் நின்றது. அது யாருடைய பசு என்று விதானையாருக்கும் தெரியும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பசுவையும் கன்றையும் சேர்த்தே எழுதினார். மாமா பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வந்துவிட்டார். இருப்பதைக் காட்டினால் ஆளை விடுவார்கள், இல்லாதவன் கிடந்து உழலவேண்டியதுதான். உலகம் முழுக்க இதுதானே வழமை.

அதோடு வேறொரு பயமும் அவளைத் தின்றுகொண்டிருந்தது. கடன்காரனை இந்த நாட்டுக்காரர் வைத்திருக்கமாட்டார்கள், சிறைவாசலிலிருந்து நேரே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் நித்திரை கொள்ளவில்லை. கொழும்பு விமான நிலையத்தில் சச்சி இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அவளால் முழுதாக நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அவனைக் காப்பாற்ற இந்த ஒரு பின்னேரம்தான் இருக்கிறது, பஞ்சப்பட்ட வீடாக மட்டும் அந்த அதிகாரியின் கண்ணில் பட்டுவிடக்கூடாது.

ஆகவே அந்த அறை கலியாண வீடு போலச் சோடிக்கப்பட்டது. வரதராசாவின் தொலைக்காட்சிப் பெட்டி ஜன்னலோரம் ஏறியது. கலாவதியின் பூப்போட்ட மேசை விரிப்பு, கண்ணாடிக் குவளைகள், சுவர் மணிக்கூடு எல்லாம் இடம் பிடித்தன. சிவமலர் கூறைச் சேலையை உடுத்தாள். எல்லாம் முடிந்து கலாவதி எட்ட நின்று பார்த்தபோது அவளுடைய கண் சிவமலரின் கழுத்தில் போய் நின்றது. அங்கே மஞ்சள் கயிற்றில் தாலி தொங்கியது. தங்கத் தாலிக்கொடியைக் கொழும்பில் விற்றுத்தான் சிவமலர் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி வந்து சேர்ந்தாள்.

"எல்லாம் இருந்தும் கழுத்துக் காட்டிக் குடுத்திடுமே," என்றாள் கலாவதி.

"வேண்டாம் அக்கா."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் சொல்லப்போறது எனக்குத் தெரியும். கொடி இரவல் குடுக்கிற சாமானே? வரதண்ணை அறிஞ்சால்?"

கலாவதி குளியலறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய தாலி மஞ்சள் கயிற்றில் சட்டைக்குள் போயிருந்தது. கையில் கொடி தனியாகக் கிடந்தது. கோப்பை கழுவிக் கழுவி வரதராசா சேர்த்த சங்கிலி அது. தடித்த முறுக்குச் சங்கிலி.

"தாலிதான் தாலி. இது சங்கிலி. என்ர தம்பிக்காகத்தான் உம்மட மனுசன் உள்ள கிடக்கிறார். இந்த ஒரு பின்னேரத்துக்குக் கழுத்தில கிடக்கட்டும்."

சிவமலரின் தாலியைக் கயிற்றிலிருந்து எடுத்துக் கொடியில் கோத்து அவளே மாட்டிவிட்டாள். கொடி கனத்தது. ஊரில் இருந்தபோது தன் கொடியின் கனம் சிவமலருக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இன்னொருத்தியின் சங்கிலி என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

அதிகாரியின் பெயர் யென்னி. நரைத்த மீசை, தோல் பை, வாசலிலேயே சப்பாத்தைத் துடைத்துக்கொள்கிற மரியாதை. இப்படிப்பட்ட மனுசனுக்கா பயந்தோம் என்று சிவமலருக்கு இருந்தது. கலாவதியைக் கீழ் வீட்டுத் திருமதி வரதராசா என்று அறிமுகப்படுத்தி, மொழி சொல்ல நிற்கிறாள் என்று தெரிவித்தாயிற்று. தேத்தண்ணி வேண்டாம் என்றார். பலகாரமும் வேண்டாம் என்றார். விதானையார் ஒரு கோப்பையும் மறுத்ததில்லை என்ற நினைப்பு சிவமலருக்கு வந்தது.

அவர் நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார். ஆச்சரியப்பட்டது தெரிந்தது. சிவமலர் பெருமையோடு விலகி நின்று தொலைக்காட்சிப் பெட்டிக்கு வழி விட்டாள். அவர் அதைத் தட்டிப் பார்த்து, பின்புறம் குனிந்து, எழுதிக்கொண்டார். மணிக்கூட்டைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

"கேளுங்கோ அக்கா. இவ்வளவும் காணுமோ, அவரை எப்ப விடுவினமெண்டு."

கலாவதி கேட்டாள். யென்னி பேனாவை நிறுத்திவிட்டு, விளங்காதவர் போல அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கேட்கக் கேட்கக் கலாவதியின் முகம் வெளிறிக்கொண்டு போனது.

"என்னவாம்?"

"கடனுக்கும் விடுறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். நாள் முடிஞ்சால் அவரை விடுவினமாம், கட்டினாலும் கட்டாட்டிலும். கடன் வெளியில நிண்டு காத்துக்கொண்டு நிக்குமாம்." கலாவதி அதிகாரியின் பேனாவைக் காட்டினாள். "இவர் எழுதுறது எடுத்து விக்கிறதுக்காம் மலர். இண்டைக்கு வந்த கூலியும் கடனில ஏறுமாம்."

மேசை விரிப்பு, குவளைகள், மணிக்கூடு, பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சிவமலரின் கண் போய்வந்தது. எல்லாவற்றையும் தானே தூக்கி வந்து, துடைத்து, விற்கிறவனுக்கு வாகாக அடுக்கி வைத்திருக்கிறாள். வெறும் அறையாகவே விட்டிருந்தால் இந்த மனுசன் இரங்கிப் போயிருப்பான். பட்ட காலிலே படும் என்பார்கள், இது தானாகப் போய்க் கல்லில் அடித்துக்கொண்ட கால்.

கலாவதிதான் முதலில் சுதாரித்தாள். தொலைக்காட்சிப் பெட்டி தன்னுடையது, கீழ் வீட்டிலிருந்து வந்தது என்றாள். மணிக்கூடும் தன்னுடையது என்றாள். யென்னி தலையை ஆட்டினார். கோபிக்கவில்லை. போகிற வீடுகளில் எல்லாம் இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்த முகம் அது. அப்படியானால் வாங்கிய பற்றுச்சீட்டைக் கந்தோருக்குக் கொண்டுவந்து காட்டட்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு அவருடைய பார்வை சிவமலரின் கழுத்துக்கு வந்தது.

சங்கிலியைக் காட்டி ஏதோ கேட்டார். கலாவதி வாயைத் திறந்தாள், மூடினாள். பெட்டி என்னுடையது, மணிக்கூடு என்னுடையது, இப்போது அந்தம்மாவின் கழுத்தில் கிடக்கிற சங்கிலியும் என்னுடையது என்று எந்த வாயால் சொல்வது? யார் நம்புவார்கள்?

"தங்கச் சாமானைக் கையோட கொண்டு போகவேணுமாம்," என்றாள் கலாவதி. "கழட்டட்டாம். பற்றுச்சீட்டுத் தருவாராம்."

சிவமலருக்கு முதலில் வரதராசாவின் முகம்தான் தெரிந்தது. நல்ல மனுசன்தான், ஆனால் காசு விஷயத்தில் கண்டிப்பு. கலாவதியின் தம்பிக்காக வழக்கறிஞருக்குக் கட்டியதையே இன்னமும் சொல்லிக்காட்டுகிறவர். கொடி போனால் கலாவதி அந்த வீட்டில் எப்படி இருப்பாள்? இவ்வளவு செய்தவளுக்கு இதுதானா கைம்மாறு? சிவமலரின் கை தானாக எழும்பிக் கொடியை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டது. சலவைக் கூடத்தில் பொறுக்கிய நாலைந்து ஜெர்மன் சொற்கள்தான் அவளிடம் இருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்தாள்.

"நைன்," என்றாள். இல்லை. அடுத்து, "மன் தோட். டன் வெக்."

புருஷன் செத்தால்தான் இது கழலும். சொல்லிவிட்டு அவளே நடுங்கிப்போனாள். சச்சியின் பெயரோடு சாவு என்ற அந்தச் சொல்லை எந்தப் பாஷையிலும் அவள் வாயால் சொன்னதில்லை.

யென்னி கலாவதியைப் பார்த்தார். கலாவதி பிடித்துக்கொண்டாள். இது நகையில்லை, கோயிலில் கடவுளுக்கு முன்னால் கட்டியது, கணவன் உயிரோடு இருக்கும்வரை கழுத்தை விட்டு இறங்காது, சங்கிலியும் அதில் கிடக்கிறதும் ஒன்றுதான் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். தாலியைத் தொடவில்லை. மலையிலுள்ள கிராமங்களில் சுவரில் தொங்குகிற சிலுவைகளைத் தாங்கள் எடுப்பதில்லை, வழிபாட்டுச் சாமானை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். அதையே எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

சிவமலருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த மனுசனின் காலில் விழலாம் போலிருந்தது.

வாசலில் குனிந்து சப்பாத்தின் கயிற்றை இறுக்கியவர், நிமிரும்போது கலாவதியைப் பார்த்தார். படியேறின புழுக்கத்தில் அவளுடைய சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது; கழுத்தில் தங்கம் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய கேள்வியில் சந்தேகம் இருந்ததா, சும்மா அறிகிற ஆசைதானா என்று சிவமலர் பிறகு எத்தனையோ தரம் யோசித்தாள், விடை கிடைக்கவில்லை. கேள்வி விளங்குவதற்குப் பாஷை தேவைப்படவில்லை. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "நீங்கள்?" என்று கேட்டார்.

கலாவதியின் கை சட்டைக்குப் போய் நின்றுவிட்டது. உள்ளே கயிறு இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். ஆனால் கயிறே போதுமென்றால் மற்றவளுக்குத் தங்கம் எதற்கு என்று அந்தப் பேனா திரும்பத் திறக்கும். திருமதி என்று முதலிலேயே சொல்லியாயிற்று, கலியாணம் ஆகவில்லை என்றும் சொல்ல இயலாது. காட்டிவிடுங்கோ அக்கா, போனால் போகட்டும் என்று சிவமலர் கத்த நினைத்தாள். அதற்குள் கலாவதி முந்திக்கொண்டாள்.

"மன் தோட்," என்றாள் கலாவதி.

யென்னியின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கலாவதியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கலாவதி தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டாள். அவருடைய காலடிகள் படிகளில் இறங்கிப் போயின. கீழே பெரிய கதவு திறந்து மூடிக்கொண்டது.

"அக்கா..."

"கதைக்காதையும்."

"கொடியைக் கழட்டிப் போடுங்கோ. இப்பவே போடுங்கோ."

கலாவதி அவளைப் பார்க்கவேயில்லை. மேலங்கியை எடுத்து ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு படியிறங்கினாள். சிவமலர் கூறைச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். பற்றுச்சீட்டு வரதராசாவின் பெயரில் அல்லவா இருக்கிறது, செத்தவரின் பெட்டியைக் கந்தோரில் எப்படிக் கேட்பது என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். தெருவில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. தபாற்கந்தோருக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டில் ஒரு கிழவர் பேசி முடிக்கும்வரை கலாவதி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

வரதராசாவின் குரலை ஒருதரம் கேட்டால் போதும் அவளுக்கு; ஹோட்டல் நம்பர் மனப்பாடம். ஆனால் இரண்டு தரம் பிழையாகச் சுழற்றினாள். மூன்றாம் தரம் மணியடித்தது. யாரோ எடுத்தார்கள். கலாவதி பெயரைச் சொன்னாள். சமையலறையில், கோப்பை கழுவுகிறவர், ஓம், அவர்தான், அவசரம் என்றாள். பொறுக்கச் சொல்லிவிட்டு ரிசீவரை எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டு பேரும் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார்கள். தூரத்தில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம். தண்ணீர் விழுகிற சத்தம். யாரோ சிரித்தார்கள். யாரோ உரக்க ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அது வரதா என்று கேட்டது போலவும் இருந்தது, வேறு யாரையோ கூப்பிட்டது போலவும் இருந்தது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. தொலைபேசி காசு கேட்டுச் சிணுங்கியது. சிவமலர் ஒரு கையால் கழுத்துக் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சச்சியைப் பார்க்கப் போகிற பஸ்ஸுக்கென்று சட்டைப் பைக்குள் வைத்திருந்த சில்லறையை மற்றக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.